கடைசிப் பக்கத்தில் ஒரு பொட்டு

சுஜித் பொல்லாத பிள்ளை இல்லை. ஒரு காலை வீட்டுக்குள்ளும் மறுகாலைப் படிக்கட்டிலும் வைத்துக்கொண்டு பதில் சொல்கிற பழக்கம் மட்டும் அவனுக்கு உண்டு. உலகத்தில் நடக்கிற அசட்டுத்தனங்களில் பாதி அப்படிச் சொன்ன பதில்களால்தான் நடக்கின்றன.

2015 அக்டோபரில் ஒரு புதன்கிழமை காலையும் அப்படித்தான் ஆயிற்று. பாரிஸில் லா ஷப்பல் பகுதியில், காய்கறிக் கடைக்கு மேலே நான்காம் மாடியில், கோசலை அக்கா வீட்டில் ஓர் அறை அவனுக்கு வாடகைக்கு. அக்காவும் அவள் கணவர் தில்லையம்பலமும் யாழ்ப்பாணம். இவன் திருவாரூர்ப் பக்கம். மெமரி கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தவனைச் சமையலறையிலிருந்து அக்காவின் குரல் நிறுத்தியது.

"தம்பி, இண்டைக்கு சரஸ்வதி பூசையெல்லே. உம்மடை தொழில் சாமானையும் எடுத்து வைக்கட்டோ?"

"மேசை மேல இருக்கிறது எல்லாத்தையும் வச்சிடுங்கக்கா!" என்று கத்திவிட்டு இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போனான்.

மேசை மேல் இருந்தவை: ஒரு கேமரா, இரண்டு லென்ஸ், ஒரு மடிக்கணினி. அப்புறம் ஒரு சாம்பல் நிற அட்டைப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் இருநூற்றைம்பது வயதுக்கு மேலான ஒரு புத்தகம் இருந்தது. மறுநாள் மத்தியானம் அது ஏலத்துக்குப் போக வேண்டியது.

சுஜித்தின் தொழில் ஏலக்காரர்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது. பழைய புத்தகம், பழைய வரைபடம், ஓவியம் எதுவானாலும் நிழல் விழாமல், நிறம் மாறாமல் படம் பிடிப்பான். அவனுக்கு முக்கால்வாசி வேலை கொடுத்தவர் மார்செல். பாரிஸில் பெரிய பெரிய ஏல நிறுவனங்கள் உண்டு. மார்செலுடையது அந்த வரிசையில் சேராது. கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு முற்றத்தைத் தாண்டி ஒரு கூடமும் அதற்குக் கீழே ஒரு நிலவறையும், அவ்வளவுதான். அந்த வாரம் அவர் யூதர்களின் பழைய பொருள்களை ஏலம் விட இருந்தார். கையெழுத்துப் பிரதிகள், ஓவியம் தீட்டிய கல்யாணப் பத்திரங்கள், வெள்ளி விளக்குகள், வாசனைப் பொருள் போட்டு வைக்கிற கோபுரச் சிமிழ்கள் என்று ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தார்.

அந்தப் புத்தகம்தான் கடைசியாக வந்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. தோலில் எபிரேய எழுத்தில் எழுதியது. ஆயிரத்து எழுநூற்று ஐம்பதுகளில் பிரான்சின் கிழக்கே அல்சாஸ் பக்கத்தில் ஒரு மணப்பெண்ணுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுப்பதற்கென்றே ஒருவர் எழுதிப் படமும் வரைந்தது. பெண்கள் சொல்ல வேண்டிய ஜெபங்கள் மட்டும் அதில் இருந்தன. வெள்ளிக்கிழமை அந்தியில் விளக்கேற்றும்போது சொல்கிற ஜெபத்துக்குப் பக்கத்தில், நீல உடுப்பில் ஒரு பெண் விளக்கின் முன்னே நிற்கிற படம். கடைசித் தாள்களில் அந்தக் குடும்பத்து மணப்பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பெயரை எழுதியிருந்தார்கள். தாய் மகளுக்குக் கல்யாணத்தன்று காலையில் கொடுப்பாள், மகள் பெயரை எழுதி வாங்கிக்கொள்வாள். ஏழு பெயர்கள். அதற்குப் பிறகு ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையில் மார்செலின் நிலவறைக்குள் தண்ணீர் புகுந்து மின்சாரம் போய்விட்டது. படமெடுக்கிற இடம் அங்கேதான். வேறு வழியில்லாமல் மார்செல் அந்தப் பெட்டியை சுஜித்தின் கையில் கொடுத்தார்.

"முப்பது வருடத்தில் ஒரு பொருளும் இந்தக் கதவைத் தாண்டி இன்னொருவர் வீட்டுக்குப் போனதில்லை. உன்னை நம்பித் தருகிறேன். புதன் மாலை ஆறு மணிக்கு நானே கார் அனுப்புகிறேன்" என்றார்.

மார்செல் கோபப்பட்டுக் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் ஆபத்து. ஏதாவது ஆனால் சத்தமே போடாமல் அடுத்த முறை வேறு ஒருவரைக் கூப்பிடுவார். பாரிஸ் ஏலக்காரர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்; பொருளைக் கெடுத்தவன் என்று ஒரு சொல் விழுந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் சுஜித் கல்யாண வீடுகளில் கேக் வெட்டுவதைப் படம் எடுத்துப் பிழைக்க வேண்டியதுதான். ஐந்து வருடம் பாடுபட்டுச் சம்பாதித்த நல்ல பெயர் அது. அந்தப் பெயர் இப்போது ஒரு சாம்பல் நிற அட்டைப் பெட்டிக்குள் இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் திரும்பி வந்தபோது படிக்கட்டெல்லாம் சாம்பிராணி வாசனை. பூசை முடிந்து, கோசலை கடலைச் சுண்டலை ஒரு தட்டில் போட்டு நீட்டினாள். வாங்கி ஒரு வாய் போட்டுக்கொண்டு கூடத்தை எட்டிப் பார்த்தான். தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து எல்லாம் அடுக்கி இருந்தது. தில்லையம்பலம் குழாய் வேலை செய்பவர். அவருடைய பெரிய திருகுசாவி, கோசலையின் தையல் கத்தரிக்கோல், இரண்டு பேனா, பழைய பஞ்சாங்கம், மெட்ரோவில் போகிற நவிகோ அட்டை கூட இருந்தது. சுஜித்தின் கேமராவுக்கும் கணினிக்கும் சந்தனமும் குங்குமமுமாகப் பொட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, மல்லிகைச் சரத்துக்கு நடுவில், அந்தப் புத்தகம்.

"அக்கா... இது எப்படி இங்க வந்துச்சு?"

"நீர்தானே மேசையில இருக்கிறதெல்லாம் எண்டு சொன்னீர்?"

"பெட்டிக்குள்ள இருந்துச்சே!"

"பெட்டியோடை வைச்சா என்னெண்டு ஆருக்குத் தெரியும்? திறந்து பாத்தன். உள்ளுக்கை ஒரு மனிசி விளக்கேத்திக்கொண்டு நிக்கிறா. சாமிப் புத்தகம் எண்டு விளங்கீட்டுது. அதுதான் எல்லாத்துக்கும் மேலை வைச்சனான்" என்றாள் கோசலை. சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது.

சுஜித் குனிந்து பார்த்தான். தோல் அட்டை கறுத்துப் போய், பழையபடியே இருந்தது. கேமராவுக்கு, கணினிக்கு, திருகுசாவிக்கு, நவிகோவுக்கு எல்லாம் பொட்டு; புத்தகத்தின் மேல் மட்டும் இல்லை. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

"ஆறு மணிக்கு கார் வருதுக்கா. எடுத்துக்கிறேன்."

"எடுக்கிறதோ!" கோசலை குறுக்கே வந்து நின்றாள். "பூசையில வைச்சதை நாளைக்கு விடியத்தான் எடுக்கலாம். உங்கடை ஊரிலை எப்பிடி?"

எங்கள் ஊரில் உடனே எடுத்துவிடுவோம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் வாய், "எங்க ஊர்லயும் நாளைக்குத்தான்" என்றது. பள்ளிக்கூடக் காலத்தில் அந்த ஒரு நாள் புத்தகத்தைத் தொட வேண்டாம் என்பதற்காகவே கணக்குப் புத்தகத்தை முதலில் கொண்டுபோய் வைத்தவன் அவன். இப்போது கையை நீட்டிப் பார்த்தான். கை போகவில்லை. ஐந்து வருடம் பாரிஸில் இருந்து என்ன, படித்து என்ன, அந்த இடத்தில் அவன் அம்மா பெற்ற பிள்ளைதான்.

வேறு வழி தெரியாமல் மார்செலுக்குத் தொலைபேசியில் உள்ளதை உள்ளபடி சொன்னான். பொய் சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்து, நம்புகிற மாதிரி ஒன்றும் தோன்றாமல்தான் உண்மையைச் சொன்னான்.

மார்செல் ஒன்றே ஒன்று கேட்டார். "பக்கத்தில் நெருப்பு இருக்கிறதா?"

"ஒரு விளக்கு எரிகிறது."

"தள்ளி வைக்கச் சொல்."

கோசலை முகத்தைச் சுளித்துக்கொண்டு விளக்கை எடுத்துச் சன்னலோரம் வைத்தாள். வைத்தாயிற்று என்று சுஜித் சொன்ன பிறகுதான் மார்செல் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"நான் எத்தனையோ கடவுள்களை விற்றிருக்கிறேன். ஒருவரோடும் சண்டை போட்டதில்லை. இன்று இருக்கட்டும். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் புத்தகம் என் மேசையில் இருக்க வேண்டும். அதன் சொந்தக்கார அம்மாவும் வருகிறார், கடைசியாக ஒரு முறை பார்க்க" என்றார்.

மறுநாள் விஜயதசமி. கோசலை குளித்து, கற்பூரம் காட்டி, ஒவ்வொரு பொருளாக எடுத்து உரியவர் கையில் கொடுத்தாள். தில்லையம்பலம் திருகுசாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். சுஜித் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கி, பெட்டியில் வைக்கும் முன் ஒரு முறை புரட்டிப் பார்த்தான். தொழில் பழக்கம். ஜெபங்கள் சரி. விளக்கேற்றுகிற பெண் சரி. ஏழு பெயர்கள் சரி. கடைசிப் பக்கத்தைத் திருப்பினான்.

நட்ட நடுவில் ஒரு பொட்டு இருந்தது. சந்தனம் வட்டமாகக் காய்ந்து, அதன் மேல் குங்குமம் செக்கச்செவேல் என்று ஏறியிருந்தது.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, என்னக்கா செஞ்சீங்க?"

"ஏன் தம்பி? மட்டை கறுப்பாக் கிடந்துது. குங்குமம் எடுபடேல்லை. அதுதான் திறந்து முதல் பக்கத்திலை வைச்சனான். வெறுமையாத்தானே கிடந்துது."

"அது முதல் பக்கம் இல்லக்கா. கடைசிப் பக்கம். இது வலது பக்கத்திலேர்ந்து படிக்கிற புத்தகம்."

"அரபுக் கடையிலை கிடக்கிற புத்தகம் மாதிரியோ?" கோசலை வாயில் கையை வைத்தாள். பொட்டு வைத்ததை விட, பக்கம் மாறி வைத்ததுதான் அவளுக்குப் பெரிய பிழையாகப் பட்டது. "பொறும், பொறும். தேங்காயெண்ணெய் ஒரு துளி தொட்டுத் துடைச்சா போயிடும்."

"தொடாதீங்க!"

மூன்று வருடத்தில் அந்த வீட்டில் அவன் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கோசலை எண்ணெய்ப் போத்தலோடு அப்படியே நின்றாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தோலில் ஏறின நிறத்தைத் தேய்த்தால் இன்னும் பரவும், துடைத்தால் தோல் நெளியும் என்று அவனுக்குத் தெரியும். "என் பொழப்பு போச்சுக்கா" என்று மட்டும் சொன்னான்.

கோசலை உள்ளே போனாள். திரும்பி வந்தபோது குளிர்கோட்டைப் போட்டு, கைப்பையையும் மாட்டியிருந்தாள்.

"நானும் வாறன்."

"வேண்டாம்கா, அங்க வந்து நீங்க..."

"பொட்டு வைச்சது நான். நீர் ஏன் தனியப் போய் நிக்கவேணும்? நடவும்."

இருவரும் நடந்தார்கள். கடைக்காரர்கள் வாழைப்பூப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாலத்துக்கு அடியில் ரயில் போகிற சத்தம். வழக்கமாகத் தெரு நெடுக நாலு பேரிடம் நலம் விசாரிக்காமல் நகராத கோசலை அன்றைக்கு ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சுஜித் கேமராவைத் தோளில் மாட்டி, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு போனான். மார்செல் என்ன சொல்வார் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் கடைசியில் அவர் 'சரி, நீ போகலாம்' என்றுதான் சொன்னார்.

மார்செல் பெட்டியைத் திறந்து, கடைசிப் பக்கத்தைப் பார்த்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"இது என்ன?"

சுஜித் சொன்னான்.

"இன்றைக்கு மத்தியானம் நான் இதை எப்படி விற்பேன்? நேற்று அச்சான ஏல அட்டவணையில் கடைசிப் பக்கம் வெறுமை, கறை இல்லை என்று போட்டிருக்கிறேன். அந்தப் படமும் நீ எடுத்ததுதான்." குரல் தணிந்தே இருந்தது. சுஜித் பயந்த குரல் அதுதான். "அந்த அம்மா அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறார். நான் சொல்லமாட்டேன். நீயே போய்ச் சொல்."

ஆலீஸ் என்பது அந்த அம்மாவின் பெயர். எண்பதைத் தாண்டியவர். நீலக் கோட்டைக் கழற்றாமல், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சுஜித் பெட்டியை மேசையில் வைத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினான். சொல்ல வேண்டிய பிரெஞ்சு வாக்கியம் முழுவதையும் நடந்து வரும்போதே தயார் செய்திருந்தான். அதில் முதல் வார்த்தை கூட வரவில்லை.

கோசலை அவனை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். அவளுடைய பிரெஞ்சில் இலக்கணம் குறைவு, தைரியம் அதிகம்.

"மதாம், இவருக்கு இதில் குற்றம் இல்லை. நான் வைத்தேன். நேற்று எங்கள் பண்டிகை. வருடத்தில் ஒரு நாள் வீட்டில் இருக்கிற புத்தகங்களையெல்லாம் கடவுளுக்கு முன்னால் வைப்போம். அன்றைக்கு அதைப் படிக்கமாட்டோம், அதைக் கும்பிடுவோம். உங்கள் புத்தகம் வீட்டில் இருந்தது. அதை மட்டும் எப்படி விட்டுவிடுவது?"

ஆலீஸ் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தக் கடவுளுக்கு?"

"படிப்புக்கு ஒரு அம்மன் இருக்கிறாள். அவளுக்கு."

"புத்தகத்துக்கென்றே ஒரு கடவுளா?" என்று கேட்ட ஆலீஸ் கொஞ்சம் பொறுத்து, "என் அம்மா இதைக் கேட்டிருந்தால் பதறிப் போயிருப்பாள்" என்றார்.

மார்செல் கதவோரம் வந்து நின்றார்.

"இந்தச் சிவப்புக்கு என்ன பொருள்?" என்று கேட்டார் ஆலீஸ்.

கோசலை யோசித்தாள். "நல்லது தொடங்கட்டும் என்று வைப்பது. புது வீடு, புதுக் கணக்கு, கல்யாணம். எது தொடங்கினாலும் முதலில் இதுதான். எனக்கு உங்கள் எழுத்து தெரியாது. இதுதான் முதல் பக்கம் என்று நினைத்துவிட்டேன்."

ஆலீஸ் சிரித்தார். சட்டென்று வந்த சிரிப்பு. சிரித்துக்கொண்டே கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அது எந்த வகைக் கண்ணீர் என்று தெரியாமல் மூன்று பேரும் நின்றார்கள்.

"இந்தப் பக்கம் யாருக்காக வெறுமையாக இருந்தது தெரியுமா? எனக்காக. ஏழாவது பெயர் என் அம்மா. எட்டாவது நான் எழுத வேண்டும், என் கல்யாணத்தன்று. கல்யாணம் நடக்கவில்லை. ஒருவர் இருந்தார், போய்விட்டார். அம்மா புத்தகத்தை அலமாரியில் பூட்டி வைத்தாள், நல்ல காலம் வரட்டும் என்று. அம்மா செத்த பிறகு சாவி எனக்கு வந்தது. கல்யாணத்துக்குக் கொடுக்கிற புத்தகம் எனக்குச் சாவில் வந்தது. அதில் பெயர் எழுத எனக்கு என்ன உரிமை? மகளும் இல்லை கொடுக்க. அலமாரிக்குள் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது இது. தாங்கமுடியாமல்தான் விற்க வந்தேன்."

ஆலீஸ் கோசலை பக்கம் திரும்பினார்.

"நேற்று இதன் முன்னால் விளக்கேற்றினீர்களா?"

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்டாள் கோசலை. "ஆமாம் மதாம், ஏற்றினேன். பிறகு இவர் தள்ளி வைக்கச் சொன்னார்." மார்செலைக் கையைக் காட்டினாள்.

"அம்மாவுக்குப் பிறகு இந்தப் புத்தகத்தின் முன்னால் ஒரு பெண் விளக்கேற்றியது நேற்றுதான்" என்றார் ஆலீஸ். "எனக்குத்தான் அது தோன்றவில்லை." பிறகு மார்செலைப் பார்த்துக் கையை நீட்டினார். "ஒரு பேனா கொடுங்கள்."

மார்செலுக்கு விளங்கிவிட்டது. "மதாம், தயவு செய்து வேண்டாம். இன்னும் சில மணி நேரத்தில் ஏலம்."

"ஏலம் முடிகிற வரை இது யாருடையது?"

"உங்களுடையது."

"அப்படியானால் பேனா."

மார்செல் ஒரு பென்சிலை நீட்டினார். பழைய பிரதிகள் இருக்கிற அறையில் பேனாவே கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அந்த இடம் முழுக்கப் பென்சில்தான். ஆலீஸ் அதைத் தொடவில்லை. "பென்சிலில் எழுதினால் அழித்துவிடுவீர்கள்" என்றார்.

கோசலை கைப்பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்தாள். அதன் மூடியில் ஒரு சின்னச் சந்தனக் கீற்று இருந்தது. "இதுவும் நேற்று பூசையில் வைத்ததுதான்."

ஆலீஸ் பொட்டுக்குக் கீழே, வலமிருந்து இடமாக, தன் பெயரை எபிரேய எழுத்தில் எழுதினார். இரண்டாவது எழுத்துக் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. பக்கத்தில் ஆண்டையும் போட்டார். மார்செல் கண்ணை மூடிக்கொண்டார். சுஜித் ஒரு வெட்கங்கெட்ட காரியம் செய்தான்: மனதுக்குள் சந்தோஷப்பட்டான். அவன் பங்குக்கு விழுந்தது ஒரு பொட்டுத்தான். சொந்தக்காரரே ஒரு வரி எழுதிவிட்டார்.

ஆனால் சந்தோஷம் மத்தியானம் வரைதான் நின்றது. பெயர் எழுதிவிட்டதால் புத்தகம் விற்றுவிடும் என்று யார் சொன்னது? விற்காமல் போனால் அந்த அம்மா புத்தகத்தைத் திரும்பவும் அலமாரிக்கே கொண்டுபோக வேண்டும். மார்செல் அதை மறக்கமாட்டார். சுஜித் கடைசிப் பக்கத்தை மறுபடி படம் எடுத்து இணையத்தில் இருந்த அட்டவணையில் மாற்றிப் போட்டான். கேமராவில் இருந்த பொட்டைத் துடைக்கத் தோன்றவில்லை.

இரண்டு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. வியாபாரிகள், நூலகத்துக்காரர்கள், தொலைபேசி வழியாகக் கேட்கிறவர்களுக்காகக் காதில் ஹெட்போனோடு மூன்று பேர். வெள்ளி விளக்குகள் போயின. கல்யாணப் பத்திரங்கள் போயின. கோசலை பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்து, கோயிலில் உட்கார்வது போல உட்கார்ந்திருந்தாள். ஆலீஸ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

புத்தகத்தின் முறை வந்ததும் மார்செல் தொண்டையைச் செருமினார்.

"அட்டவணையில் ஒரு திருத்தம். கடைசிப் பக்கம் வெறுமையாக இல்லை. ஒரு சிவப்புப் பொட்டும் ஒரு கையெழுத்தும் இருக்கின்றன. பொட்டு நேற்று, லா ஷப்பலில் வைக்கப்பட்டது. கையெழுத்து இன்று காலை, புத்தகத்துக்கு உரியவர் போட்டது. இரண்டும் அவர் சம்மதத்தோடு."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசையில் ஒரு வியாபாரி அட்டவணையை மூடி மடியில் வைத்துக் கையைக் கட்டிக்கொண்டார். தொலைபேசிக்காரர்களில் ஒருவர் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். மார்செல் ஆரம்ப விலையைச் சொன்னார். யாரும் கையைத் தூக்கவில்லை. இன்னொரு முறை சொன்னார். சுஜித் சுவரோரம் நின்றபடி தரையைப் பார்த்தான். தரை அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் வரிசையில் நரைத்த குட்டை முடி வைத்த ஒரு பெண்மணி எழுந்தார்.

"மன்னிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறதா?"

"எதற்கு, மதாம்?"

"பெயர் எழுத."

மார்செல் முப்பது வருடத்தில் அப்படி ஒரு கேள்வியைச் சந்தித்ததில்லை போலிருக்கிறது. அவர் சுஜித்தைத் திரும்பிப் பார்த்தார். கூடமே திரும்பிப் பார்த்தது.

"பக்கத்தில் பாதிக்கு மேல் இருக்கிறது" என்றான் சுஜித். குரல் அவன் நினைத்ததை விடப் பெரிதாக வந்தது. "பொட்டுக்குக் கீழே ஒரு பெயர்தான். இன்னும் ஐந்தாறு பேர் எழுதலாம்."

அந்தப் பெண்மணி தன் எண் அட்டையைத் தூக்கினார். தூக்கிய கையை இறக்கவில்லை. மூடிவைத்த அட்டவணையை அந்த வியாபாரி மறுபடி திறந்தார். தொலைபேசிக்காரர் ஹெட்போனை மாட்டினார். விலை ஏறியது. மற்றவர்கள் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருக்க, அந்த ஒரு கை மட்டும் அப்படியே நின்றது. கடைசியில் மற்றவர்களுக்குச் சலித்துவிட்டது. மார்செலின் சுத்தியல் விழுந்தது.

சுஜித் சுவரில் சாய்ந்தான். நேற்று மாலையிலிருந்து தான் சரியாக மூச்சே விடவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. முதுகில் இருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரித்துவைத்தான்.

ஏலம் முடிந்ததும் ஆலீஸ் அந்தப் பெண்மணியைத் தேடிப் போனார். எவ்வளவுக்குப் போனது என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

"கல்யாணம் எப்போது?" என்றார்.

"ஜூனில். மகளுக்கு." அந்தப் பெண்மணிக்கு வந்திருப்பவர் யார் என்று அதற்குள் புரிந்துவிட்டது. "எட்டாவது பெயர் நீங்கள்தானே? அவள் ஒன்பதாவதாக எழுதும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். விலாசம் கொடுங்கள்."

ஆலீஸ் ஓர் அட்டவணையின் ஓரத்தில் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவருக்குப் பத்து வயது குறைந்திருந்தது என்று கோசலை இன்றைக்கும் சொல்கிறாள்.

மார்செல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுஜித்திடம் வந்தார். "அடுத்த மாதம் வரைபடங்கள். திங்கட்கிழமை வா. நிலவறை காய்ந்துவிடும்." இரண்டடி போய்த் திரும்பினார். "உன் வீட்டு அம்மாவிடம் கேட்டுச் சொல், அடுத்த வருடம் அந்தப் பண்டிகை எந்தத் தேதியில் வருகிறது என்று. அந்த வாரம் நான் ஒன்றையும் ஏலத்துக்கு வைக்கப்போவதில்லை."

வெளியே வந்தபோது வெயில் இருந்தது. கோசலை வழியில் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்தி நலம் விசாரித்தாள். வீட்டு வாசலை நெருங்கும்போது கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். நின்று, பையையே கவிழ்த்துப் பார்த்தாள்.

"தம்பி, அந்த மனிசி என்ரை பேனையைக் கொண்டு போட்டா!"

சுஜித் சிரித்த சிரிப்பில் காய்கறிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நான் போய் வாங்கிட்டு வரட்டுமாக்கா?"

"விடும்." கோசலை பையை மூடித் தோளில் மாட்டினாள். "பூசையில வைச்ச பேனை. அவ இப்பத்தானே எழுதத் தொடங்கியிருக்கிறா."